கேஸ் எங்கே போகிறது?

"ஏசியைக் கழற்றி மாட்டினா கேஸ் புதுசா அடிச்சே ஆகணும் சார்."

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, வீடு மாற்றும் சீசன் சூடு பிடித்ததும் இந்த வாக்கியம் ஊர் முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிடும். மெக்கானிக் சொல்வார், லாரியோடு வந்தவர் சொல்வார், கீழ் வீட்டுக்காரர் சொல்வார், கடைசியில் வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு மாமனாரும் சொல்வார். குளிர்சாதனத் தொழிலைக் கற்றுக்கொடுத்தே பிழைப்பவன் நான். என்னிடம் வந்தும் இதையேதான் சொல்கிறார்கள். "மூவாயிரம் கேட்கிறான், நியாயமான ரேட்டா?" என்று விசாரிக்கிறார்களே தவிர, எதற்காக அடிக்க வேண்டும் என்று கேட்பவரைக் காணோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பிளிட் ஏசியை முறையாகக் கழற்றி முறையாக மாட்டினால் புதிதாக கேஸ் அடிக்க வேண்டியதில்லை. அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் சரக்கு அல்ல. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கசிவு இல்லாத வரை பத்து வருடம் ஆனாலும் குறையாது, கெட்டும் போகாது. "வருஷா வருஷம் கேஸ் டாப் அப் பண்ணணும்" என்று ஒருவர் சொன்னால், ஓட்டையை அடைக்காமல் விட்டுவைத்து வருடாவருடம் வசூலிக்கிறார் என்று அர்த்தம்.

கழற்றும்போது அந்த கேஸ் போய்ச் சேர வேண்டிய இடம், வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட். அதற்கான வேலைக்கு பம்ப் டவுன் என்று பெயர். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் பித்தளை மூடி போட்ட இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்றில் ஒல்லிக் குழாய், மற்றதில் தடித்த குழாய். ஏசியைக் கூலிங்கில் வைத்து, ரிமோட்டில் ஆகக் குறைந்த டிகிரிக்கு இறக்கி ஓடவிட வேண்டும். தடித்த குழாய்ப் பக்கம் உள்ள சர்வீஸ் முனையில் கேஜை மாட்டி, ஒல்லிக் குழாயின் வால்வை அலன் கீயால் முழுக்க மூட வேண்டும். இப்போது உள்ளே போகும் வழி அடைபட்டது, திரும்பி வரும் வழி திறந்திருக்கிறது. கம்ப்ரசர் பாட்டுக்கு இண்டோர் யூனிட்டிலும் குழாயிலும் இருக்கும் கேஸை இழுத்து இழுத்து வெளி யூனிட்டுக்குள் தள்ளும். கேஜ் முள் இறங்கிக்கொண்டே வந்து பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, அந்தக் கணமே ஏசியை நிறுத்திவிட வேண்டும். சில நிமிட வேலை. அதன் பிறகு குழாயின் நட்டைத் தளர்த்தினால் லேசாக ஒரு புஸ் சத்தம் வரும், அவ்வளவுதான். விடாமல் சீறிக்கொண்டே இருந்தால், பம்ப் டவுன் நடக்கவில்லை.

படித்துவிட்டு யாரும் அலன் கீயைத் தேட வேண்டாம். குழாய் தளர்ந்திருக்கும்போது கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டிருந்தால் கேஸோடு காற்றும் உள்ளே போகும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து அழுத்தப்பட்டால் கம்ப்ரசரே வெடிக்கும், வெடித்தும் இருக்கிறது. மெக்கானிக் செய்கிற வேலையை மெக்கானிக்தான் செய்ய வேண்டும். செய்கிறாரா என்று பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

இவ்வளவு எளிய வேலையை மெக்கானிக்குகள் ஏன் செய்வதில்லை? அவர்களை மட்டும் திட்டி என்ன பயன். பம்ப் டவுன் செய்ய ஏசி ஓட வேண்டும், ஓட கரண்ட் வேண்டும், பத்து நிமிடம் யாரும் அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும். ஷிஃப்டிங் அன்று இந்த மூன்றில் எது இருக்கிறது? ஸ்டெபிலைசரைக் கழற்றி முதல் ஆளாக லாரியில் ஏற்றியாயிற்று, ஹால் முழுக்க அட்டைப்பெட்டி, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று வாசலிலிருந்து டிரைவர் கத்துகிறார். மூன்றாவது மாடிச் சுவரில் ஒரு காலை கிரில்லில் வைத்துத் தொங்கிக்கொண்டிருக்கும் பையன் என்ன செய்வான்? நட்டைத் திருகுவான். கேஸ் வானத்துக்குப் போகும். புது வீட்டில் "கேஸ் இல்ல சார்" என்பான். அதுவும் உண்மைதானே! அவன் வெளியே விட்டதற்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். ஊரில் எல்லோருக்கும் இப்படியே நடப்பதால், இதுதான் இயற்கை விதி என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

புது வீட்டிலும் ஒரு குறுக்கு வழி காத்திருக்கிறது. குழாய்களை இணைத்ததும் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்த பிறகுதான் வால்வுகளைத் திறந்து, அடைபட்டிருக்கும் கேஸை விட வேண்டும். பம்ப் தூக்கிக்கொண்டு வர அலுப்புப்பட்டவர்கள் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு, அது காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியேறட்டும் என்று விடுவார்கள். காற்று ஓரளவு போகும், ஈரம் போகாது. ஆர்-32, ஆர்-410ஏ வகை கேஸ் உள்ள ஏசிகளின் கம்ப்ரசரில் பெரும்பாலும் இருக்கும் எஸ்டர் எண்ணெய் ஈரத்தைக் கண்டால் விடாது. ஈரம் சேர்ந்தால் நாளடைவில் அமிலமாகி கம்ப்ரசர் சுருளை அரிக்கும். அடுத்த கோடையில் கம்ப்ரசர் போனால், வீடு மாற்றிய நாளை யாருக்கும் நினைவிருக்காது. கம்பெனியைத்தான் திட்டுவோம்.

கேஸ் சேர்க்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு, மறைக்கவில்லை. பழைய வீட்டிலேயே கசிவு இருந்திருக்கலாம். அல்லது புது வீட்டில் அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில் வைக்க வேண்டி வந்து குழாய் நீண்டிருக்கலாம். கம்பெனியில் நிரப்பி அனுப்பும் கேஸ் இத்தனை மீட்டர் குழாய்க்கு என்று கணக்கு வைத்தது. அதைத் தாண்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். கிராம் கணக்கு என்பதைக் கவனியுங்கள். மொத்த அளவு அவுட்டோர் யூனிட்டின் லேபிளிலேயே அச்சடித்திருக்கும், ஒன்றரை டன் ஏசியில் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். தராசு இல்லாமல், குழாயைக் கையால் தொட்டுப் பார்த்து "போதும்" என்று சொல்பவரிடம் கேஸ் வாங்காதீர்கள்.

ஆகவே ஷிஃப்டிங் திட்டத்தில் ஏசிக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். லாரி வருவதற்கு முந்தைய நாள், கரண்ட் இருக்கும்போது, ஏணியை மூட்டையோடு கட்டிவிடுவதற்கு முன்பே கழற்றச் சொல்லுங்கள். அந்த ஓர் இரவு ஃபேனில் தூங்கினால் ஒன்றும் ஆகிவிடாது. ஆளைப் பேசும்போதே "பம்ப் டவுன் பண்ணுவீங்களா, வேக்குவம் பம்ப் இருக்கா?" என்ற இரண்டு கேள்வியைப் போட்டுவிடுங்கள். இழுத்துப் பேசினால் வேறு ஆளைப் பாருங்கள். புது வீட்டுக்கு டேப் எடுத்துக்கொண்டு போய், இண்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவே எத்தனை அடி, சுவரில் துளை இருக்கிறதா, ஏசிக்கான பவர் பாயிண்ட் இருக்கிறதா, தண்ணீர்க் குழாய் எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சோஃபா எந்த மூலைக்குப் போகும் என்று மாதக்கணக்கில் விவாதிக்கும் குடும்பங்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

மூவாயிரம் ரூபாய் உங்கள் பாடு. எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் அது சுமார் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 900 லிட்டர் பெட்ரோல்! ஆர்-32 பரவாயில்லை, அதன் எண் 675. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 சூட்டையும் ஏற்றும், ஓசோன் படலத்தையும் தின்னும். ஓசோனுக்காக 1987இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். சூடேற்றும் வாயுக்களைக் குறைக்க 2016இல் கிகாலியில் அதைத் திருத்தினார்கள், 2021இல் இந்தியாவும் அதை ஏற்றது. அதெல்லாம் சரி, மூன்றாவது மாடிச் சுவரில் நட்டு திருகப்படும்போது யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? வீட்டுக்காரர் நீங்கள்தான் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் செத்துப்போன ஏசியில் பம்ப் டவுன் முடியாது. அதற்கும் கேஸை உறிஞ்சி சிலிண்டரில் சேர்க்கும் ரெகவரி மெஷின் இருக்கிறது. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சங்கங்கள் வருடாந்தர ஏசி ஒப்பந்தம் போடும்போது இந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலை என்று ஒரு வரி சேர்த்தால் போதும், தொழிலே திருந்தும். வாசலில் கோலப் போட்டி நடத்தும் சங்கங்களால் இது முடியாதா?

வீடு மாற்றும்போது காதில் விழும் மற்ற பேச்சுகளையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஃபிரிட்ஜைப் படுக்க வைத்தால் கேஸ் போய்விடும் என்பது பொய். எல்லா இணைப்பும் பற்றவைத்தது, போக வழியே இல்லை. போவது கம்ப்ரசரின் எண்ணெய், அது குழாய்க்குள் ஓடிவிடும். நிற்க வைத்தே கொண்டு போங்கள். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் விட்டு ஆன் செய்யுங்கள். ஃபிரிட்ஜில் கேஸ் உண்மையிலேயே போவது, கிளம்பும் நாள் காலையில் ஃப்ரீசரில் உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தும்போதுதான். அந்தத் தகட்டுக்குள்தான் கேஸ் குழாய் ஓடுகிறது. லேபிளில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், அடுப்பு கேஸின் நெருங்கிய உறவு, தீப்பிடிக்கும். முந்தைய இரவே அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள், தானாக உருகும்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் துணியைத் திணித்தால் டிரம் ஆடாது என்பார்கள். ஆடும். வாங்கிய அன்று பின்பக்கத்திலிருந்து கழற்றினார்களே, அந்த நீளப் போல்ட்டுகள் டிரம் ஆடாமல் பிடிப்பதற்குத்தான். குப்பையில் போட்டிருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்த்து வைத்தால் ஆசிட் வழியும். இதை நம்பாதவர்களின் கட்டில் மெத்தையைப் பார்த்திருக்கிறேன்.

சமையல் சிலிண்டரை வேறு ஊருக்குச் சாமான்களோடு ஏற்றிவிடலாம் என்பது ஆபத்தான சோம்பேறித்தனம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர்கள் தரும் சீட்டைக் காட்டிப் போகிற ஊரில் இணைப்பு எடுக்க வேண்டும். பால் காய்ச்ச ஒரு மின்சார அடுப்பு போதும்.

ஆடியில் வீடு மாறக்கூடாது என்ற விஷயத்தில் நான் தலையிடப் போவதில்லை, அது என் துறை அல்ல. ஆனால் ஏசி வேலைக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. கோடைக் கூட்டம் ஓய்ந்திருக்கும், மெக்கானிக் கூப்பிட்ட அன்றே வருவார், வண்டி வாடகையிலும் பேரம் பேசலாம். சென்னையில் மாலை நேரங்களில் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால், லாரிக்காரரிடம் தார்ப்பாய் கேட்டு வையுங்கள்.