சிறார்க்குத் தானமும் மைத்திரியும்



தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் செம்பூரிலும் நாம் பாடம் நடத்தும் இடங்களில் பெற்றோர் பலர் ஒரே வினாவைக் கேட்கின்றனர். "ஐயா, பிள்ளைகளுக்கு ஈகையைக் கற்பியுங்கள் என்கின்றீர்கள். நாங்களோ பத்தடி அறையில் குடியிருக்கின்றோம். பள்ளிப் புத்தகம் முதல் பண்டிகைத் துணி வரை பிறர் கொடுத்தால் வாங்கிக் கொள்ளும் நிலையில் இருக்கின்றோம். வாங்குகின்றவன் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் குணத்தை எங்ஙனம் கற்பிப்பான்?" என்பதே அவ்வினா. இஃது ஏழையின் நெஞ்சிலிருந்து எழும் நேர்மையான கேள்வி. ஆதலின் இப்பாடத்தை இவ்வினாவிற்கே உரியதாக்குவோம்.

முதற்கண் சொற்களின் பொருளைத் தெளிவோம். மைத்திரி என்பது எல்லா உயிரும் நலமாயிருத்தல் வேண்டும் என்னும் உள்ளம். தானம் என்பது அவ்வுள்ளம் கைக்கு இறங்கி வந்து செயலாவது. மைத்திரி வேர், தானம் கனி. பத்துப் பாரமிதைகளுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது தானமே. பகவான் புத்தர் இல்லறத்தார்க்குப் படிப்படியாக அறம் உரைக்குங்கால் தானத்திலிருந்தே தொடங்கி, அதன்பின் சீலத்தைக் கூறி, மேலும் உயர்ந்த நிலைகளுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். எழுத்துகளுக்கு அகரம் போல் அறங்களுக்குத் தானம் முதலாயிற்று. அகரத்தைப் பிள்ளைப் பருவத்திலன்றோ கற்கின்றோம்?

தானம் மூவகைப்படும். உணவு, உடை முதலிய பொருளைக் கொடுப்பது ஒன்று. அஞ்சிய உயிர்க்கு அச்சத்தைப் போக்குவது மற்றொன்று. நல்லறிவைப் பகிர்ந்தளிப்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே காசு வேண்டும். தெருநாயின் மேல் கல்லெறியாத சிறுவன் அபயதானம் செய்கின்றான். எல்லோரும் ஏளனம் செய்யும் மாணவனின் பக்கத்தில் சென்று அமரும் சிறுமியும் அதையே செய்கின்றாள். தனக்குத் தெரிந்த கணக்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தருபவன் அறிவுதானம் செய்கின்றான். எந்த ஏழைப் பிள்ளை இவற்றைச் செய்ய இயலாது?

ஓட்டில் விழுந்த கல்

தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் சீத்தலைச் சாத்தனார் ஆபுத்திரன் என்னும் சிறுவனின் வரலாற்றைச் சொல்கின்றார். பெற்ற தாயால் கைவிடப்பட்டுத் தோட்டத்தில் கிடந்த குழவி அவன். ஒரு பசு அவனை நாவால் நக்கி, ஏழு நாள் பால் சுரந்து காத்தது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். சிறுவன் வளர்ந்த பின் ஒரு நாள், வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவொன்று அஞ்சி நடுங்குவதைக் கண்டான். இரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு போனான். வேள்வி செய்வோர் அவனைப் பிடித்து அடித்தனர். வளர்த்த தந்தையும் துரத்தினான். அவன் பிச்சை எடுத்த ஊர்களில் "பசுத்திருடன்" என்று பழித்து, அவனுடைய ஓட்டில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லை இட்டனர்.

அச்சிறுவன் அக்கற்களைத் திருப்பி எறியவில்லை. தென்மதுரைக்குச் சென்று சிந்தாதேவியின் கோயில் முன் அம்பலத்தில் தங்கினான். வீடுதோறும் இரந்து வந்த சோற்றைக் கண்ணற்றோர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளர் ஆகியோரை அழைத்து முதலில் உண்பித்தான். எஞ்சியதைத் தான் உண்டான். ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான்.

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தேவி அவனுக்குக் கொடுத்தது இதற்குப் பின்னர்தான் என்பதை உற்று நோக்குக. அமுதசுரபி வரும்வரை காத்திருந்து அவன் ஈகையைத் தொடங்கவில்லை. பிச்சை ஓட்டுடனேயே தொடங்கினான். "கையில் காசு சேரட்டும், பிறகு கொடுப்போம்" என்று சொல்லும் நமக்கு இதில் பாடம் உண்டு. பசுவிடம் பெற்ற பாலை அவன் நெஞ்சம் மறக்கவில்லை. வாங்கியவனுக்கே கொடுப்பதன் அருமை தெரியும். ஆகவே வாங்கும் நிலையில் உள்ளவன் தன் பிள்ளைக்கு ஈகையைக் கற்பிக்க இயலாது என்பது பிழை. அதைக் கற்பிக்க அவனே தக்கவன்.

ஒரே பள்ளியில் இரு காட்சிகள்

காப்பியத்தை விட்டு நம் காலத்திற்கு அருகில் வருவோம். 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பிறந்த பாபாசாகேப் அம்பேத்கர் சாத்தாராப் பள்ளியில் பயின்ற நாட்களை அவரே எழுதி வைத்துள்ளார். பிள்ளை பீமன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துண்டின் மேல் தனியே அமர வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும், தானே தொடலாகாது. சேவகன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை.

அதே பள்ளியில் அம்பேத்கர் என்னும் குடும்பப் பெயருடைய பிராமண ஆசிரியர் ஒருவர் இருந்தார். நண்பகலில் உணவுக்காக அச்சிறுவன் வெகுதூரம் நடந்து வீட்டிற்குச் செல்ல வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க, அவ்வாசிரியர் நாள்தோறும் தம் உணவிலிருந்தே ரொட்டியும் காய்கறியும் அவனுக்குக் கொடுத்து வந்தார். பிற்காலத்தில் பாபாசாகேப் அதனை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

தண்ணீர் விலையற்றது, உணவு விலையுடையது. விலையற்றது மறுக்கப்பட்டது, விலையுடையது அளிக்கப்பட்டது. ஆதலின் ஈகையை அளப்பது பொருளின் விலையன்று. ஒரு குழந்தை தனக்குச் செய்யப்பட்ட இரண்டையும் வாழ்நாள் முழுதும் சுமந்து செல்கின்றது என்பதும் இதனால் விளங்கும். நம் பிள்ளைகள் எதைச் சுமக்கப் போகின்றனர் என்பது நம் கையில் உள்ளது.

பரேலில் ஓர் அறை

பின்னர் அக்குடும்பம் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில், டபக் சால் என்னும் குடியிருப்பில், ஓர் அறையில் வாழ்ந்தது. அவ்வறையில் எல்லோரும் ஒருங்கே படுக்க இடம் போதாது. தந்தை ராம்ஜி, மகனை முன்னிரவில் உறங்கச் சொல்லித் தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணியளவில் மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, அவன் படுத்த இடத்தில் தாம் படுப்பார். மகன் கேட்ட புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, மணமான தம் மகளிடம் சென்று நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார்.

1907-இல் அம்மாணவர் மெட்ரிக்குலேஷன் தேறியபோது, கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் அறிஞர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். மேற்படிப்பிற்குப் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணை நின்றார். அப்பெருமகனார் தந்தது அறிவுதானம். தமக்கை தந்தது நகை. தந்தை தந்ததோ தம் உறக்கம். இவற்றைப் பெற்ற பிள்ளை வளர்ந்து, 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தையும் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் தோற்றுவித்து, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கல்வி அளித்தார்.

பிடியரிசி

நாம் ஆலையில் சேர்ந்த புதிதில் ஒன்றைக் கண்டோம். நூற்பு எந்திரத்தில் இழை அறுந்தால், கதிர் சுழலுகையிலேயே அதனை இணைக்க வேண்டும். அதை வாயால் சொல்லித்தர எந்தத் தொழிலாளிக்கும் வராது. அருகில் நின்று பழைய கையைப் பார்த்துப் பார்த்தே புதிய கை கற்கும். ஈகையும் அத்தகையதே.

1982-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் பம்பாயில் வேலை நிறுத்தம் தொடங்கினர். அதில் நம் தந்தையாரும் ஒருவர். நமக்கு அப்போது வயது பன்னிரண்டு. மாதங்கள் கடந்தன, கூலி இல்லை, பலர் சொந்த ஊருக்குத் திரும்பினர். நம் அன்னையார் நெல்லைச் சீமை வழக்கப்படி, உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு தகரக் குவளையில் போட்டு வைப்பார். வேலை நிறுத்தத்தின்போதும் அதை நிறுத்தவில்லை. "நமக்கே போதவில்லையே, அம்மா!" என்றோம். அவர் சினக்கவில்லை. "அப்படியானால் இனி நீயே போடு, ராசா. உன் கை சிறு கை, இரண்டு பிடி போடு" என்றார்.

வாரக் கடைசியில் அக்குவளையை, நோயுற்ற கணவனுடன் இருந்த அண்டை வீட்டு அத்தையிடம் நம் கையில் கொடுத்தனுப்புவார். இருட்டிய பின்னரே அனுப்புவார். "வாசலில் நிற்காதே, குவளையை அவர்களே தருவார்கள். யாரிடமும் சொல்லாதே" என்பார். அந்த இருட்டும் அந்த மௌனமும் எதற்காக என்பது பல்லாண்டு கழித்தே நமக்கு விளங்கிற்று. அரிசி வாங்குபவரின் மானமும் அரிசியோடு சேர்த்துக் காக்கப்பட்டது.

கொடுக்கும் முறை

நல்லோர் கொடுக்கும் முறை ஐந்து என்று பகவான் கூறியுள்ளார். நம்பிக்கையோடு கொடுத்தல், மதிப்போடு கொடுத்தல், காலமறிந்து கொடுத்தல், மனம் ஒட்டிக் கொள்ளாமல் கொடுத்தல், தனக்கோ பிறர்க்கோ கேடு வாராமல் கொடுத்தல் என்பனவே அவை. இன்று நம் குடிசைப் பகுதிக்கு வந்து, ஒரு பேனாவைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்துக் கொள்வோரைக் காண்கின்றோம். பேனா ஒரு மாதம் எழுதும். படம் பிடிக்கப்பட்டபோது குனிந்த தலை எத்தனை ஆண்டு குனிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தம் மகனாகிய சிறுவர் இராகுலருக்குப் பகவான் கற்பித்த முறை இங்கே பயன்படும். கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றார் இராகுலர். அவ்வாறே ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் பார். அதனால் தனக்கோ பிறர்க்கோ துன்பம் உண்டா என்று பார் என்று பகவான் அறிவுறுத்தினார். கொடுக்கும் கையும் இக்கண்ணாடியில் மும்முறை முகம் பார்த்துக் கொள்ளட்டும்.

இல்லப் பயிற்சி

1. பிடியரிசியைப் பிள்ளையின் கையாலேயே போடச் செய்க. யாருக்கு அளிப்பது என்பதையும் பிள்ளையுடன் கலந்து முடிவு செய்க.

2. கிழிந்ததையும் சலித்ததையும் கழிப்பதைத் தானம் என்று சொல்லற்க. பழந்துணி கொடுப்பதானால் துவைத்துத் தைத்து மடித்துக் கொடுக்கப் பழக்குக.

3. குழாயடி வரிசையில் மூதாட்டிக்கும் கர்ப்பிணிக்கும் முன்னிடம் தரச் சொல்க. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் கதையை அங்கேயே சொல்க.

4. வாங்கவும் கற்பியுங்கள். முகம் நோக்கி, இரு கையாலும் வாங்கி, நன்றி சொல்லும் பிள்ளை தாழ்ந்து போவதில்லை.

5. பிள்ளை கொடுத்ததைப் பிறர் முன் புகழாதீர். புகழுக்காகக் கொடுக்கப் பழகிய கை, காண்பார் இல்லாத இடத்தில் மூடிக்கொள்ளும்.

அடுத்த வகுப்பிற்கு வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் இவ்வாரம் தான் பிறரிடமிருந்து பெற்ற நன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று விரித்துச் சொல்லட்டும். தான் பிறர்க்குக் கொடுத்ததை மட்டும் சொல்ல வேண்டா. அதை வாங்கியவர் அறிந்தால் போதும்.