கணிப்பொறிக்கு ஏற்ற மின்வழங்கி

விளையாட்டுக் கணிப்பொறிக்கு அண்ணன் 1000 வாட் மின்வழங்கி வாங்க எண்ணினான். மின்கட்டணம் ஏறிவிடுமே என்று அம்மா அஞ்சினார். இருவர் கணக்கும் பிழை.

பெட்டியில் எழுதியுள்ள வாட், அது தரவல்ல உச்ச அளவு. எப்பொழுதும் இழுக்கும் அளவன்று. செயலிக்கு 125 வாட், வரைகலை அட்டைக்கு 220, விசிறி முதலியவற்றிற்கு 55, ஆக 400. வரைகலை அட்டை கண்ணிமைக்கும் நேரத்தில் மிகுதியாக இழுப்பதுண்டு. அதற்கும் இடம் விட்டால் 650 வாட் போதும். (இடம் விடாவிட்டால் ஆட்டத்தின் நடுவே கணிப்பொறி அணைந்துவிடும்!)

இனிக் கவனிக்க வேண்டியது பயனுறுதிறன். அது 80 விழுக்காடாயின், 400 வாட் தர 500 வாட் இழுக்கும். மீதி 100 வாட் வெப்பமாக வீணாகும். 90 விழுக்காடாயின் 444 வாட்டே இழுக்கும். நாள்தோறும் 4 மணி நேரம் ஆடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 யூனிட் மிச்சம். அவ்வளவு நேரம் ஆட அம்மா விடுவாரா என்பது வேறு!

2004-இல் தோன்றிய '80 பிளஸ்' முத்திரையின் வெண்கலம், தங்கம் முதலிய தரங்கள் இப்பயனுறுதிறனையே குறிக்கின்றன. அரைச்சுமையில் வெண்கலம் 85, தங்கம் 90 விழுக்காட்டுக்குக் குறையாது. ஆனால் முத்திரை பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மிகை மின்னழுத்தம், குறுக்குச்சுற்று ஆகியவற்றிற்குக் காப்பு உண்டா என்று கடைக்காரரிடம் தனியே கேட்க வேண்டும்.