ஹூக்கில் லோடு மாட்டும் முன்

"நல்ல பெல்ட்தான் சார், வெயிட்டும் கம்மிதான். எப்படி அறுந்துச்சுன்னே தெரியல." அம்பத்தூர் எஸ்டேட்டானாலும் திருமழிசை சிட்கோவானாலும், விபத்து நடந்த ஷாப்பில் முதலில் காதில் விழுவது இதுதான். எடை சரியாகவே இருந்திருக்கும். கோணத்தையும் ஆட்டத்தையும் யாரும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். அடுத்த ஷிப்டுக்குள் இவற்றைச் சரிசெய்யுங்கள்.

செய்ய வேண்டியவை

• லேபிளைப் படித்துவிட்டு மாட்டுங்கள். பச்சை 2 டன், மஞ்சள் 3, ஆரஞ்சு 10 என்பது வழக்கம். கிரீஸ் ஏறிய பிறகு மஞ்சளும் ஆரஞ்சும் அண்ணன் தம்பிதான்.

• லேபிள் போன பெல்ட்டை இன்றே வெட்டிப் போடுங்கள். ஓரமாகச் சுருட்டி வைத்தால் நைட் ஷிப்டில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

• ஸ்லிங்கின் ஒவ்வொரு காலும், லோடில் மாட்டும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் கால்கள் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நிற்கும். 1 டன் டையைத் தூக்கும்போது ஒரு காலுக்குச் சுமார் 580 கிலோ இழுப்பு. 45 டிகிரிக்குச் சாய்ந்தால் 710 கிலோ. 30 டிகிரியில் ஒவ்வொரு காலும் முழு 1 டன்னையும் இழுக்கும். 15 டிகிரி என்றால் 1,900 கிலோவைத் தாண்டும். டை அதேதான், பெல்ட்டும் அதேதான். குட்டைப் பெல்ட்டை இழுத்துப் பிடித்து மாட்டும் ஹெல்பருக்கு இந்தக் கணக்கைச் சுவரில் சாக்பீஸால் வரைந்தே காட்டுங்கள்.

• தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹூக் எடையின் நடுவுக்கு நேர்மேலே இல்லை. இறக்கி மாற்றி மாட்டுங்கள்.

• கூரான ஓரங்களில் ரப்பரோ பிளந்த பைப்போ வையுங்கள். டையின் விளிம்பு இறுகிய பெல்ட்டைக் கத்தியாக அறுக்கும்.

• லோடு ஆடினால் கிரேனை வைத்தே அடக்குங்கள். அது ஒரு பக்கம் உச்சிக்குப் போகும் நேரம் பார்த்து, அதே பக்கம் கிரேனை லேசாக நகர்த்தி ஹூக்கை அதன் நேர்மேலே கொண்டுவாருங்கள். 4 மீட்டர் தொங்கலில் ஒரு முறை போய்வர ஏறக்குறைய 4 விநாடி ஆகும். லோடு 100 கிலோவானாலும் 1 டன்னானாலும் அதே தாளம்தான். பழகிய ஆபரேட்டர் அதை மனசுக்குள் எண்ணிக்கொண்டே பென்டன்டைத் தட்டுவார்.

• நீளமான ராடு, பைப் என்றால் முனையில் கயிறு கட்டித் தள்ளி நின்று திருப்புங்கள். கயிறு கைக்குள் இருக்கட்டும், மணிக்கட்டில் சுற்ற வேண்டாம்.

• கிரேன், செயின், ரோப் எல்லாவற்றையும் தகுதியுள்ளவரை வைத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுசாகச் சோதியுங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவிலேயே சொல்லப்பட்ட விதி. ஆடிட்டுக்கு முதல் நாள் ஞாபகம் வந்து பயனில்லை.

செய்யக்கூடாதவை

• தூரத்தில் கிடப்பதைக் குறுக்காக இழுக்காதீர்கள். தரையை விட்ட கணமே அது ஹூக்குக்கு நேர்கீழே வரப் பாயும். வழியில் மெஷின் இருந்தால் மெஷின், ஆள் இருந்தால் ஆள்.

• ரோப் தளர்ந்திருக்கும்போது வெடுக்கென்று தூக்காதீர்கள். திடீரென முழு எடை விழுந்தால் அந்த நொடியில் இழுப்பு இரட்டிப்பாகும். முதலில் மெல்ல இறுக்குங்கள்.

• பெரிதாக ஆடட்டும் என்று விடாதீர்கள். ஊசல் நடுவைக் கடக்கும்போதுதான் கயிற்றில் இழுப்பு அதிகம்: 30 டிகிரி ஆட்டத்தில் கால் பங்குக்கு மேல் கூடும், 60 டிகிரியில் எடையைப் போல் இரண்டு மடங்கு.

• ஆடும் திசையில் நிற்காதீர்கள். நடுவில் அறுந்தால் லோடு நேராகக் கீழே விழாது, போய்க்கொண்டிருந்த திசையிலேயே பாயும். நேர்கீழே மட்டும் விலகிவிட்டுத் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

• கையால் பிடித்து நிறுத்தாதீர்கள். மெதுவாக வரும் 1 டன்னும் உங்களைத் தூணோடு சேர்த்து நசுக்கும்.

• பெல்ட்டில் முடிச்சுப் போட்டு நீளத்தைக் குறைக்காதீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதியாகலாம்.

• டீ வந்துவிட்டது என்று லோடைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள். இறக்கிவிட்டுக் குடியுங்கள், ஆறினாலும் பரவாயில்லை.

• கிரேன் டிராக் மேல் ஆள் வேலை பார்க்கும்போது ஓட்டாதீர்கள். 6 மீட்டருக்குள் கிரேன் நெருங்கவே கூடாது. மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியை மேலே ஏறுபவர் பையில் போட்டு அனுப்புங்கள்.