தடையை அளந்த ஆசிரியர்

இருப்பகப்பை ஒன்றன் நுனியைக் கொதிக்கும் குழம்பில் சிறிது நேரம் இட்டு வைத்தால், அதன் மறுமுனையும் கை பொறுக்காதவாறு சூடேறிவிடுகிறது. அவ்வகப்பைக்கு மரத்தாலாகிய காம்பு பொருத்தியிருப்பின் கை சுடுவதில்லை. இரும்பு வெப்பத்தை எளிதிற் கடத்தும். மரம் அங்ஙனம் கடத்தாது. மின்சாரத்தின் இயல்பும் ஏறத்தாழ இத்தகையதே. வெள்ளி, செம்பு, அலுமினியம் முதலிய உலோகங்களின் வழியே அஃது எளிதிற் செல்லும். கண்ணாடி, பீங்கான், இரப்பர், உலர்ந்த மரம் ஆகியவற்றின் வழியே செல்வது அரிது. ஆதலின், முன்னவற்றை எளிதிற் கடத்திகள் என்றும், பின்னவற்றை அரிதிற் கடத்திகள் என்றும் கூறுவர். இவ்வேறுபாட்டை 1729ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டினரான ஸ்டீவன் கிரே என்பவர் கண்டறிந்தார். ஆயினும், ஒரு கம்பியின் வழியே எவ்வளவு மின்சாரம் செல்லும் என்று கணக்கிட்டுக் கூறும் விதியை, அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் உலகம் அறியாமலே இருந்தது. அவ்விதியை உலகிற்கு அளித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர்தாம் ஜார்ஜ் சைமன் ஓம்.

ஓம், ஜெர்மனி நாட்டில் எர்லாங்கன் என்னும் ஊரில் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையார் பூட்டுச் செய்யும் கொல்லர். கல்லூரி சென்று பயிலாதவராயினும், தாமே முயன்று கணிதமும் அறிவியலும் கற்றவர். கற்றவற்றைத் தம் புதல்வர் இருவர்க்கும் தாமே கற்பித்தவர். அன்னையாரோ, ஓம் பத்து வயதுச் சிறுவராய் இருக்கும்போதே காலமானார். தந்தையாரிடமிருந்து ஓம் பெற்ற செல்வங்கள் இரண்டு. ஒன்று கணித அறிவு. மற்றொன்று உலோகத்தைக் கையாளும் திறன். பிற்காலத்தில் இவ்விரண்டும் அவர்க்குப் பெருந்துணையாயின.

பல்கலைக்கழகத்திற் சேர்ந்த ஓம், மூன்று பருவங்களுக்குப் பின் படிப்பை விடுத்து, சுவிட்சர்லாந்தில் கணித ஆசிரியராக அமர்ந்தார். ஆயினும், தாமே தொடர்ந்து கற்று, 1811இல் தம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1817இல் கொலோன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவர்க்குக் கிடைத்தது. அங்கு ஆய்வுக் கருவிகளும் இருந்தன. மாணவர்க்குக் கற்பித்தது போக எஞ்சிய காலத்தை அவர் மின்சார ஆராய்ச்சியிற் செலவிட்டார்.

முதலில் அவர் பயன்படுத்தியது, வோல்ட்டா என்னும் அறிஞர் அமைத்த முறையிலான மின்கலம். கம்பியை இணைத்த சிறிது நேரத்திற்குள் அம்மின்கலத்தின் ஆற்றல் குன்றத் தொடங்கும். அளக்கும் கோலே நீண்டும் சுருங்கியும் நிற்குமாயின் அளவு எங்ஙனம் உண்மையாகும்? 1825இல் ஓம் வெளியிட்ட முதற் கட்டுரையிற் கண்ட விதி பிழையுடையதாயிற்று. பிழையை மறைக்க அவர் முயலவில்லை. அதன் காரணத்தைத் தேடினார். போகண்டார்ஃப் என்னும் அறிஞர், வெப்பத்தால் மின்சாரம் உண்டாக்கும் முறையை மேற்கொள்ளுமாறு அவர்க்கு எடுத்துரைத்தார். ஓமும் பிஸ்மத்து என்னும் உலோகத்தையும் செம்பையும் இரண்டு இடங்களில் ஒன்றோடொன்று பொருத்தி, ஒரு பொருத்தைக் கொதிநீரிலும் மற்றொன்றை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பநிலையும் பனிக்கட்டியின் வெப்பநிலையும் மாறாதன. ஆகவே, அவற்றால் எழும் மின்னழுத்தமும் மாறாது நின்றது.

பின்னர், ஒரே பருமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். அவற்றுள் மிகக் குறியது 2 அங்குலம். மிக நெடியது 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து, ஒரு காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். கம்பி நீள நீள ஓட்டம் குறைந்தது. அக்குறைவு ஓர் ஒழுங்குக்கு உட்பட்டிருந்தது. 1826இல் அவ்வொழுங்கு தெளிவாயிற்று.

அவ்விதி மிக எளியது. வெப்பநிலை மாறாதிருக்க, ஒரு கம்பியின் வழியே செல்லும் மின்னோட்டம், அதன் இரு முனைகட்கும் இடையே உள்ள மின்னழுத்தத்திற்கு நேர் விகிதத்தில் அமையும். அழுத்தம் இரு மடங்காயின் ஓட்டமும் இரு மடங்காகும். அழுத்தம் மாறாதிருக்கத் தடை இரு மடங்காயின், ஓட்டம் பாதியாகும். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். சான்றாக, 230 வோல்ட் அழுத்தத்தில் 46 ஓம் தடையுள்ள கருவியை இணைத்தால், அதன் வழியே 5 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்.

தடை மூன்றினைப் பொறுத்தது. கம்பி நீண்டால் தடை மிகும், பருத்தால் குறையும், பொருளுக்கேற்ப வேறுபடும். உலோகங்களுள் வெள்ளியே மிக எளிதிற் கடத்துவது. செம்பு அதனை அடுத்து நிற்பது. விலை குறைந்தமையால் செம்பே மின்கம்பிகட்கு மிகுதியும் பயன்படுகிறது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. ஆயினும், ஒத்த பருமனில் அதன் எடை செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. ஆதலின், கோபுரங்களின்மீது நெடுந்தொலைவு செல்லும் கம்பிகட்கு அது தகுதியாயிற்று. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் உலோகத்தின் தடை, செம்பினதைப்போல் 60 மடங்கிற்கு மேற்பட்டது. தடை மிக்க அக்கம்பி, மின்னோட்டத்தால் கனன்று வெப்பம் தருகிறது. மின்னடுப்பு இயங்குவது இதனாலேயே. எனவே, தடை குறைந்த பொருளும் நமக்கு வேண்டும்; தடை மிகுந்த பொருளும் வேண்டும்.

இவ்விதி உயிர்காக்கும் விதியுமாகும். மனிதனது உலர்ந்த தோலுக்குத் தடை மிகுதி. ஈரத்தோலுக்கு மிகக் குறைவு. ஈரக் கையால் மின்பொத்தானைத் தொடாதே என்று பெரியோர் தடுப்பது வீண் அச்சத்தால் அன்று. வீட்டிற்கு வரும் அழுத்தம் என்றும் அதே 230 வோல்ட். ஈரத்தால் தடை குறைந்தவிடத்து, உடலில் பாயும் ஓட்டம் பெருகி உயிரையே கவர்ந்துவிடும்.

இத்துணைப் பயனுடைய விதியை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா எனின், இல்லை. 1827இல் ஓம் தம் முடிபுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். இயற்பியலில் கணிதத்தைப் புகுத்தியது அந்நாட்டு அறிஞர் பலர்க்கு உவப்பாக இல்லை. அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பதவி கிடைக்கவில்லை. கொலோன் பணியையும் துறந்து, சில ஆண்டுகள் பெர்லினில் குறைந்த ஊதியத்தில் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். 1833இல் நூரம்பர்க்கு நகரில் நிலையான பணி பெற்றார். 1841இல் இலண்டன் இராயல் கழகம் அவர்க்குக் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. அதன்பின்னரே அவர் புகழ் எங்கும் பரவிற்று. இளமை முதல் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவி, 1852இல், அவர்தம் 63ஆம் வயதில், மியூனிக்கு நகரிற் கைகூடியது. ஈராண்டுகட்குப் பின், 1854ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் அவர் மறைந்தார்.

1881இல் பாரிசு நகரிற் கூடிய மின்னியல் அறிஞர் பேரவை, மின்தடையின் அலகிற்கு ‘ஓம்’ என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. தம் முதல் விதி பிழையெனக் கண்டபோது அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. இரண்டாவது விதியை உலகம் ஏலாதபோது உண்மையைக் கைவிடவில்லை. பூட்டுக்கொல்லரின் புதல்வராய்ப் பிறந்து, பள்ளி ஆசிரியராய் உழைத்த அப்பெரியாரின் பெயரை, இன்று மின்சாரம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தடையை அளக்குந்தோறும் கூறுகின்றனர்.