செவித்துளை அடைத்திருந்தாலும் ஒலிக்கு வழி உண்டு



களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். ஆனாலும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் நம் வீடுகளுக்குள் ஒலிப்பது தமிழ்தான். செவித்திறன் பரிசோதனைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், சங்க அன்பர்கள் சிலர் அண்மையில் என்னிடம், "ஜப்பானில் புதுவிதமான காது மிஷின் வந்திருக்கிறதாமே, எங்கள் பாட்டிக்கு வாங்கலாமா?" என்று கேட்டார்கள். வாங்குவதற்கு முன் அது யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்று அறிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு சிறு சோதனை. இரண்டு செவிகளையும் விரலால் பொத்திக்கொண்டு ஒரு முறுக்கைக் கடியுங்கள். வெளிச்சத்தம் குறையும், முறுக்கு நொறுங்கும் ஓசையோ பெரிதாகக் கேட்கும். வெளிக்காற்று வழியாக மட்டுமல்ல, உடம்பின் எலும்பும் சதையும் அதிர்வதாலும் ஒலி உட்செவியைச் சேரும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

கேட்கும் குறையில் இரு வகை உண்டு. ஒன்று, ஒலி போகும் வழியில் தடை. செவித்துளையிலோ நடுச்செவியிலோ கோளாறு, ஆனால் உட்செவி நன்றாக இருக்கும். மற்றொன்று, உட்செவியும் நரம்பும் பழுதுபடுவது. முதுமையில் வரும் செவிமந்தம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

வழியில் தடை உள்ளவர்களுக்கு எலும்பை அதிரச் செய்யும் கருவி நெடுங்காலமாக இருக்கிறது. தலைப்பட்டையால் காதுக்குப் பின்னால் அழுத்திப் பொருத்துவார்கள். அழுத்தத்தால் தோல் வலிக்கும், சிவக்கும். 1977-ல் சுவீடனில் கோட்டன்பர்க் நகர மருத்துவர்கள் மண்டை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதில் கருவியை மாட்டினார்கள். வலி குறைந்தது, ஆனால் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது.

2004-ல் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி ஹொசோய் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டறிந்தார். செவித்துளையின் வாசலில் இருக்கும் குருத்தெலும்பை மெல்ல அதிரச் செய்தாலே போதும், ஒலி உள்ளே போகும். இம்முறையில் செய்த கருவியை ரியான் நிறுவனம் 2017-ல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறு அதிர்வுப் பொருளைச் செவிவாசலில் வைத்தால் போதும். துளையே இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் ஒட்டிவிடுவார்கள். அழுத்தமும் இல்லை, அறுவையும் இல்லை.

இதனால் அதிகப் பயன் பெறுபவர்கள் மூன்று வகையினர். செவித்துளை மூடியோ, மடல் வளராமலோ பிறந்தவர்கள். புண்ணாலோ அறுவையாலோ துளை சுருங்கியவர்கள். ஓயாமல் சீழ் வடிவதால் துளையை அடைக்கும் சாதாரணக் கருவியைப் போட முடியாதவர்கள். இவர்களிலும் அடைப்பு மென்சதையாக இருந்தால் பயன் கூடும். முழுதும் எலும்பாக இருந்தால் குறையும். உட்செவி பெரிதும் பழுதுபட்டவர்களுக்கு இது ஏற்றதல்ல. முதுமையால் செவி மந்தமான பாட்டிக்குச் சாதாரணக் காது மிஷினே பொருத்தம்.

ஆகவே கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: "காற்று வழி, எலும்பு வழி இரண்டையும் அளந்தீர்களா?" எலும்பு வழி அளவு நன்றாக இருந்து, காற்று வழி அளவு தாழ்ந்திருந்தால் தடை வழியில்தான் இருக்கிறது. சீழ் வடிந்தால் முதலில் அதற்கு மருத்துவம் பாருங்கள். காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கேடு விளையும்.

இனி மிக முக்கியமான செய்தி. இரு செவித்துளைகளும் மூடிப் பிறந்த ஒரு பிள்ளையை நான்கு வயதில் என்னிடம் கொண்டுவந்தார்கள். "பத்து வயதில் மடல் ஆப்பரேஷன், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று உறவினர் சொல்லியிருந்தார்களாம். உட்செவி நன்றாகவே இருந்தது. தலைப்பட்டைக் கருவியைப் பொருத்தியதும், அம்மை கூப்பிட்ட பக்கம் பிள்ளை திரும்பியது. அம்மை அழுதார், மகிழ்ச்சியோடு, போன நான்கு ஆண்டுகளை நினைத்தும்தான். மடலுக்குக் காத்திருக்கலாம், மொழிக்குக் காத்திருக்க முடியாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இன்னதென்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவி என்பதே உலகெங்கும் ஏற்ற நெறி. புதுக் கருவி கைக்கு எட்டாவிட்டாலும், அழுத்தம் குறைந்த துணிப்பட்டைக் கருவி கைக்குழந்தைக்கும் உதவும். ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தால், நன்றாகத் தோன்றும் மறுசெவியையும் அளந்து பாருங்கள்.

நமக்குத் தொலைவும் அதிகமில்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1997-ல் தொடங்கி ஆக்குளத்தில் இயங்கும் 'நிஷ்' எனப்படும் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் அருகிலேயே உள்ளன. அங்கே போகும்போது, "எங்கள் வீட்டு மொழி தமிழ்" என்று முதலிலேயே சொல்லுங்கள். பள்ளிக்கு மலையாளம் வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்த வேண்டியதில்லை. தகுந்த கருவியும் ஓயாத பேச்சும் கிடைத்தால், செவிக்குறை உள்ள பிள்ளையும் இரு மொழி கற்கும்.

உங்கள் தெருவில் செவி மூடிப் பிறந்த குழந்தை இருந்தால், இந்தப் பக்கத்தை அந்த வீட்டாருக்கு இன்றே படித்துக் காட்டுங்கள்.