நுண்துகள் மாசு: வரைபடங்களைப் படித்தறியும் முறை

ஒரே நகரின் காற்றைப் பற்றி ஒரு வரைபடம் முன்னேற்றத்தையும் மற்றொரு வரைபடம் சீர்கேட்டையும் காட்டுவது உண்டு. இரண்டும் சரியான அளவீடுகளிலிருந்தே வரையப்பட்டிருக்கலாம். எது அளக்கப்பட்டது, எக்காலத்திற்குச் சராசரி எடுக்கப்பட்டது, எவ்வாண்டோடு ஒப்பிடப்பட்டது என்பவற்றைப் பொறுத்தே கோடு ஏறுவதும் இறங்குவதும் அமைகின்றன. நிதி ஒதுக்கீடும் மக்கள் நலனும் இக்கோடுகளைச் சார்ந்திருப்பதால், இவற்றைப் பிழையின்றிப் படித்தறிவது மாணவர்க்கும் அலுவலர்க்கும் ஒருங்கே இன்றியமையாததாகும்.

அளக்கப்படுவது எது?

காற்றில் மிதக்கும் துகள்கள் இரு வகையாக அளக்கப்படுகின்றன. 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் உடையவை பி.எம். 10 எனப்படும். அவற்றுள் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்கள் பி.எம். 2.5 எனப்படும். சாலைப் புழுதியும் கட்டுமானத் தூசியும் பெரும்பாலும் பருந்துகள்களாகும். எரிபொருள், குப்பை, வைக்கோல் ஆகியவற்றை எரிப்பதால் எழும் புகையில் நுண்துகள்களே மிகுதி. இவை நுரையீரலின் ஆழம் வரை சென்று குருதியிலும் கலக்க வல்லவை.

2009-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியத் தர அளவின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கும், 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கும் மிகலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டு அளவுகள் முறையே 5, 15 ஆகும். ஆகவே, வரைபடத்தின் குறுக்கே வரையப்பட்டுள்ள எல்லைக்கோடு எந்த அளவைக் குறிக்கிறது என்பதை முதலில் காண வேண்டும்.

காலமும் பருவமும்

தில்லியின் மாதவாரி வரைபடம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தாழ்ந்தும், நவம்பர் முதல் ஜனவரி வரை உயர்ந்தும் காணப்படும். மழை துகள்களைக் கழுவிவிடுகிறது. குளிர்காலத்தில் காற்றின் வேகம் குறைகிறது. நிலத்தையொட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல் படிந்து, மாசு மேலெழாதவாறு தடுக்கிறது. அறுவடைக்குப் பின் அண்டை மாநில வயல்களில் எரிக்கப்படும் வைக்கோலின் புகையும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்து சேர்கிறது.

ஒரு நாளின் வரைபடத்திலும் இவ்வுண்மை புலனாகும். பிற்பகலில் கோடு தாழ்வதற்கு வாகனங்கள் குறைந்தது காரணமன்று. வெயிலால் காற்று உயரமாகக் கலப்பதே காரணம். எனவே ஜனவரியை ஜூலையோடு ஒப்பிட்டு நடவடிக்கையின் பயனை அளத்தல் பொருந்தாது. ஓராண்டின் ஜனவரியை மற்றோராண்டின் ஜனவரியோடு ஒப்பிடுவதே முறை.

குறியீட்டெண்ணும் செறிவும்

2015 முதல் நடைமுறையிலுள்ள காற்றுத் தரக் குறியீட்டெண், மாசுகளின் அளவை 0 முதல் 500 வரையான எண்ணாக மாற்றித் தருகிறது. இம்மாற்றம் சீரான விகிதத்தில் அமைந்ததன்று. நுண்துகள் 60 மைக்ரோகிராம் எனில் குறியீடு 100. 120 மைக்ரோகிராம் எனில் 300. செறிவு இரு மடங்காகும்போது குறியீடு மும்மடங்காகிறது. ஆனால் 120-லிருந்து 250 மைக்ரோகிராமாக உயரும்போது குறியீடு 300-லிருந்து 400-ஐ மட்டுமே எட்டுகிறது. மேலும், பல மாசுகளுள் மிக மோசமானதன் அளவே அன்றைய குறியீடாகக் கொள்ளப்படுகிறது. பொதுமக்களை எச்சரிக்க இது ஏற்றது. கொள்கையின் பயனை மதிப்பிடச் செறிவையே நோக்க வேண்டும்.

அடிப்படை ஆண்டு

கற்பனையான ஒரு நகரின் ஐந்தாண்டுச் சராசரிகள் 200, 180, 210, 190, 185 எனக் கொள்வோம். மூன்றாம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டால் ஏறத்தாழ 12 விழுக்காடு வீழ்ச்சி. இரண்டாம் ஆண்டைக் கொண்டால் ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்வு. பொது முடக்கம் நிகழ்ந்த 2020-ஐ அடிப்படையாகக் கொள்வதும் இத்தகைய மயக்கத்தையே விளைவிக்கும். ஓராண்டுக்கு மாறாக மூன்றாண்டுச் சராசரியைக் கொள்வது நலம். இடையில் புதிய கண்காணிப்பு நிலையங்கள் சேர்க்கப்பட்டிருப்பின், தொடக்கம் முதல் இயங்கும் நிலையங்களை மட்டும் தனியே ஒப்பிட வேண்டும்.

நிருவாகத்திற்கான படிப்பினை

2019-இல் தொடங்கப்பெற்ற தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களின் முன்னேற்றம் பி.எம். 10 அளவைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. பத்து லட்சத்திற்கு மேல் மக்கள்தொகையுள்ள நகரங்களுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்த மானியமும் காற்றுத் தர மேம்பாட்டோடு இணைக்கப்பட்டது. சாலையைப் பெருக்கி நீர் தெளித்தால் பருந்துகள் குறையும், கோடும் இறங்கும். புகைபோக்கியும் வாகனமும் குப்பை மேடும் வெளியிடும் நுண்துகள் அதனால் பெரிதும் குறைவதில்லை. இறங்கும் கோட்டைக் கண்டு நகராட்சி மன நிறைவு கொள்ளலாம். நாற்சந்தியில் நிற்கும் காவலரும் நடைபாதை வணிகரும் சுவாசிக்கும் காற்று மாறியிராது.

எனவே, கோட்டின் போக்கைக் காணுமுன் துகளின் வகை, சராசரிக் காலம், பருவம், அடிப்படை ஆண்டு, நிலையங்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் வினவுதல் வேண்டும். இவற்றுக்கு விடையளிக்காத வரைபடம் எத்துணை அழகாக வரையப்பட்டிருப்பினும், அதனை நம்பி நிதி ஒதுக்குவது தகாது.