அணிலும் தொலைவில்லையும்

நம் வளவுகளில் மாவிலும் முருங்கையிலும் ஓடித்திரியும் மூவரி அணிலை அறியாதார் இலர்; அதனை நன்கு படம்பிடித்தாரோ மிகச் சிலர். நாம் அணுகின் அது மரத்தின் மறுபுறம் ஒளிந்துகொள்ளும். இவ்விடர் தீர்ப்பது தொலைவில்லை. 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையினும் 300 மில்லிமீற்றர் வில்லை, அதே இடத்தினின்று உருவை 6 மடங்கு பெரிதாய்த் தரும்.

ஆயின், கைந்நடுக்கமும் அவ்வாறே பெருகும். ஆதலின் கமராவை முக்காலியில் நிறுத்துதல் நலம். கையிற் பிடிப்பின், ஒளிபடுநேரம் 1/300 செக்கனுக்கு மேற்படலாகாது. ஓடும் அணிலுக்கு 1/1000 செக்கன் வேண்டும். நடுக்கந் தணிக்கும் இக்கால வில்லைகள் நம் கையசைவைத் தணிக்குமேயன்றி அணிலின் அசைவைத் தணியா.

35 மில்லிமீற்றர்க் கமராவில், எஃப் 5.6 துவாரத்தில், 5 மீற்றர்த் தொலைவிலே தெளிவாய் விழும் ஆழம் ஏறத்தாழ 9 சதமமீற்றரே. எனவே, வால் மங்கினும் கண் தெளியுமாறு குவியஞ் செய்தல் வேண்டும். ஓணானுக்கும் செண்பகத்துக்கும் இவ்விதியே பொருந்தும்.

கூட்டருகே இலைகளை விலக்கிப் படமெடுத்தல் தகாது. மறைப்பு நீங்கிய குட்டிகளைக் காகம் எளிதிற் கண்டுகொள்ளும். இன்று தவறிய படத்தை நாளை எடுக்கலாம். கலைந்த கூட்டை நம்மாற் கட்டித்தர இயலாது.